கேட்காமல் கட்டிய கொடிக்கயிறு

அவளோடு எனக்கு முதல் பேச்சே சண்டைதான். மலையாளம் பேசுகிற இந்த ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் அந்த மாடிக்கு நாங்கள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் துவைத்த துணியோடு வெளியே வந்தால், என் கொடிக்கயிற்றில் யாருடைய நைட்டியோ, தோர்த்துத் துண்டோ, தலையணை உறையோ சாவகாசமாகக் காற்று வாங்கிக்கொண்டிருக்கின்றன. நான் சும்மா இருக்கிற ரகம் இல்லை. "இது யாரு துணி? அடுத்தவ கொடியில கேக்காம போடுறதுக்கு இது என்ன சத்திரமா?" என்று எல்லா வீட்டுக்கும் எட்டும்படி சத்தம் போட்டேன்.

எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் இன்னொரு தோர்த்து, மூக்கு நுனியில் கண்ணாடி. பல் தேய்த்துக்கொண்டிருந்த பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"என் துணிதான். உன் கொடி சும்மா கிடந்துச்சு. போட்டேன்."

"கேட்டுட்டுப் போடணும்லா?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிருப்ப. பின்னே நான் எங்க கொண்டுபோய்க் காயப்போட?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என் துணியை வாளியோடு வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வாளியில் இருந்த என் துணியெல்லாம் காய்ந்து, மடித்து, வாசலில் ஒரு முக்காலிமேல் இருந்தது. அதையும் அவள் கேட்டுச் செய்யவில்லை.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. கட்டடத்தில் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் அக்கா, எனக்கு வெறும் அக்கா. மரியாதையாக 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ மாதிரி இருக்கிறது. அதனால் 'அவள்' என்றே இருக்கட்டும்.

அந்தக் கட்டடத்தைச் சொல்ல வேண்டும். கீழே முழுக்க மொத்த வியாபாரம். கயிற்றுக்கடை, வெல்லக்கடை, மிளகாய் வத்தல் மண்டி. வத்தல் மூட்டை இறக்குகிற நாளில் மாடியில் இருக்கிற அத்தனை பேரும் தும்முவோம். மேலே நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி வராந்தா, வராந்தாவை ஒட்டி வீடுகள். வீடு என்றால் ஓர் அறையும் பின்னால் அடுப்பு வைக்க ஒரு மூலையும். முற்றத்தின் குறுக்கே இந்தக் கைப்பிடிக் கம்பியிலிருந்து அந்தக் கைப்பிடிக் கம்பிக்கு வீட்டுக்கு ஒரு கொடி. என் வீடும் அக்கா வீடும் நேர் எதிர். அவள் தன் அறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு தமிழில் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், இரங்கல் போஸ்டர் எல்லாம் அடித்துக் கொடுப்பாள். சுவரில் ஒரு வெள்ளை ரூட்டர், இரண்டு கொம்போடு. அதற்குத் தினம் தூசி துடைப்பாள். வேறு எதற்கும் துடைத்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரன், பிள்ளைகுட்டி என்று யாரும் இல்லை. இருந்தார்களா என்று ஒருமுறை விசாரித்தேன். "நீ என் பத்திரிகையா அடிக்கப் போற?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்கமாட்டாள். இதைத் திமிர் என்று சொல்கிறவர்கள் கட்டடத்தில் உண்டு. ஆரம்பத்தில் நானும் அந்தக் கட்சிதான். "எட்டீ, கேக்கிறதுன்னா என்னா? இல்லேன்னு சொல்ற அதிகாரத்த நாமளே அவன் கையில கொண்டு குடுக்கிறது. அவன் சும்மா போறவன். நாம கூப்பிட்டு நிறுத்தி, சாரே, என்னைத் தடுங்கன்னு சொல்லுதோம்." இதை அவள் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

பிள்ளையாரிடமும் அதே கதைதான். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம் என்று வேண்டிக்கொண்டால், எங்கள் பக்கத்து ஆட்கள் காரியம் நடந்த பிறகுதான் போய் உடைப்போம். இவள் முதலிலேயே உடைத்துவிடுவாள். ஒருநாள் கூடப் போயிருந்தேன். தேங்காயை ஓங்கி எறிந்துவிட்டு, கும்பிடக்கூட நிற்காமல் திரும்பி நடந்தாள்.

"காரியம் முடிஞ்ச பெறவுலா உடைக்கணும்?"

"முடிஞ்ச பெறவு உடைச்சா அது கூலி. முன்னாலயே உடைச்சாச்சுன்னா அவருக்கு வேற வழி கிடையாது."

"சாமியவே மிரட்டுதியாக்கா?"

"மிரட்டல. ஒண்ணும் கேக்கல. நடக்கப்போவுதுன்னு விவரம் சொல்லிட்டு வந்தேன்."

நான் அப்போது ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். 'வேலை பார்த்தேன்' என்று எழுதலாம். ஆனால் நின்றதுதான் வேலை. காலையில் கதவு திறக்கும்போது நின்றால் கதவு சாத்தும்போதுதான் உட்கார்வது. தண்ணீர் குடிக்கக் கேட்க வேண்டும். பாத்ரூம் போகக் கேட்க வேண்டும். விற்கிற பெண்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. அதன்மேல் ஒரு புடவைக் கட்டைத் தூக்கி உட்காரவைத்துவிட்டார்கள். அந்தக் கட்டு ஒரு வருஷம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

ஓணத்துக்கு முந்திய கூட்டத்தில் ஒருநாள் அக்கா கடைக்கு வந்தாள். புடவையைப் பார்க்கவில்லை, ஸ்டூலைப் பார்த்தாள். கட்டைத் தூக்கி மேசைமேல் போட்டுவிட்டு, "உக்காரு" என்றாள். நான் சூப்பர்வைசர் நிற்கிற பக்கம் பார்த்தேன்.

"அவனை என்னத்துக்குப் பாக்க? ஸ்டூல் அவன் மடியிலயா இருக்கு?"

நான் உட்காரவில்லை. மேசைமேல் கிடந்த கட்டைக் கையில் எடுத்தேன். உடனே அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே அதில் உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் விழுந்தடித்து வந்தார். "மேடம், மேடம், அது ஸ்டாஃபுக்கு உள்ளதாணு. கஸ்டமர்க்குச் சோபா அவிடே உண்டு."

"ஓ, ஸ்டாஃபுக்கு உள்ளதா," என்று எழுந்தாள். "கேட்டியா, சாரே சொல்லியாச்சு. உக்காரு."

அத்தனை கஸ்டமர் முன்னால் அவர் என்ன சொல்வார்? உட்கார்ந்தேன். அந்தக் கடையில் நான் முதன்முதலாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அக்கா ஒரு கர்சீப்கூட வாங்காமல் இறங்கிப் போனாள். மறுநாள் புடவைக் கட்டு மறுபடியும் ஸ்டூலில் ஏறிக்கொண்டது, நானும் மறுபடி நின்றேன். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் என் இடுப்புக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

கொஞ்ச நாளில் என் கால் சொல்லிவிட்டது. இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டது. இனி நிற்கிற வேலைக்குப் போனால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். நிற்காமல் எனக்கு என்ன வேலை தெரியும்? ராத்திரி வீங்கின காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு அதையே யோசித்துக் கிடப்பேன். இந்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மார்த்தாண்டத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் நோயாளிகள் வந்தபடி இருப்பார்கள். அவர்கள் போன் செய்தால் தமிழில் பதில் சொல்லி, டாக்டரின் நேரத்தைக் குறித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காகத் தேடுகிறார்கள் என்று தெரியவந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். உட்கார்ந்து பார்க்கலாம். தமிழும் மலையாளமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. போனில் பேசிப் பார்த்தார்கள், குரல் பிடித்துவிட்டது. ஒரே நிபந்தனைதான். வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டும், அது ரூட்டரோடு ஒயர் வழியாக இணைந்திருக்க வேண்டும். மொபைல் நெட் ஆகாது, நோயாளி பேசும்போது பாதியில் அறுந்துவிடும். ஒரு புதன்கிழமை மத்தியானம் சோதனைக்கு ஒரு கால் வரும். அது அறுந்தால் அவ்வளவுதான், அடுத்த ஆளைப் பார்ப்பார்கள்.

என்னிடம் கம்ப்யூட்டரும் கிடையாது, ரூட்டரும் கிடையாது. அக்காவிடம் போய், "எக்கா, உன் ரூட்டர்லேர்ந்து ஒரு ஒயர்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ என்னைய கேக்கப் போறியா?" என்று முறைத்தாள். அவள் எழுந்து படியிறங்கிப் போனாள், நானும் பின்னாலேயே போனேன்.

கயிற்றுக்கடை அண்ணாச்சி புதிதாக பில் போடுகிற மெஷின் வாங்கியதிலிருந்து அவருடைய பழைய கம்ப்யூட்டர் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டிருந்தது. அக்கா நேரே உள்ளே போய் டப்பாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மானிட்டரை என் கையில் கொடுத்தாள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க கொண்டு போறிய?"

"மேல."

"அது ஓடாதே."

"ஓடும்."

அவர் கல்லாவை விட்டு எழுந்து, விழுந்து கிடந்த மவுஸை எடுத்து எங்கள் பின்னால் வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் வராந்தா வழியாக ஒயர் இழுக்க முடியாது. ஒரு பக்கம் படிக்கட்டு, மறுபக்கம் கட்டட மானேஜர் சாரின் ஆபீஸ் அறை. நேர் குறுக்கே போக வேண்டுமென்றால் என் கொடிக்கயிறு ஒன்றுதான் பாலம். சாம்பல் நிற ஒயரைக் கொடிமேல் படுக்கவைத்து, சாணுக்குச் சாண் நூலால் கட்டிக்கொண்டே போனாள். பிறகு என் அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒயரின் முனையில் உள்ள மெல்லிய கலர் கம்பிகளைப் பிரித்து வரிசையாகக் கண்ணாடிக் குப்பிபோன்ற மூடியில் நுழைத்து, குறடால் அமுக்கினாள். அவளுக்கும் அது முதல் தடவைதான். மொபைலில் வீடியோவை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்திச் செய்தாள். இரண்டு மூடி வீணாயின.

அந்த வேலையின் நடுவில்தான், நான் கேட்காமலே, ஒன்று சொன்னாள். பொன்முடிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள் அவள்.

"எங்க லயத்துல எல்லாத்துக்கும் கேக்கணும். கூரை ஒழுகுனா கேக்கணும். சொந்தக்காரன் ஒரு ராத்திரி தங்கணும்னா கேக்கணும். எங்கம்மைக்கு வயித்துவலி வந்தன்னைக்கு அப்பன் ஜீப்பு கேட்டு ஆபீஸ் வாசல்ல போய் நின்னாரு. சார் சாப்பிடுதாரு, நில்லுன்னாங்க. நின்னாரு. ஜீப்பு அங்கனயேதான் நிக்குது. சாவி அதுலயே தொங்குது. ஓட்டத் தெரிஞ்ச ஆளும் எங்க லயத்துலயே இருந்தான்."

அடுத்த கம்பியை மூடியில் நுழைத்தாள்.

"சாயங்காலம் அம்மை போயிட்டா. அப்பன் சாகுறது வரைக்கும் நான் கேட்டேனே, கேட்டேனேன்னுதான் சொல்லிட்டிருந்தாரு. எனக்கு அந்த சார் மேலகூட அவ்வளவு கோவம் இல்ல, கேட்டியா. எங்கப்பன் மேலதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அத்தனை வருஷமாக அந்தக் கோபம் ஆறவே இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொன்ன வாயை அதற்குப் பிறகு நான் திறக்கவில்லை. அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஆரஞ்சுக் கம்பி எங்க போச்சு?" என்று தரையில் தேடினாள்.

ஒயரைக் குத்தினோம். அந்தப் பக்கம் ரூட்டரில் ஒரு பச்சை விளக்கு மின்னியது. என் கம்ப்யூட்டரில் நெட் வந்தது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் போய்விட்டது. அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்த் தன் கம்ப்யூட்டரைப் போட்டால் என்னுடையது செத்துவிடும், அணைத்தால் பிழைத்துக்கொள்ளும். விஷயம் என்னவென்றால், தன் கம்ப்யூட்டரில் நெட்டுக்காக இருந்த முகவரி எண்களை ஒன்றுவிடாமல் என்னுடையதிலும் அப்படியே அடித்து வைத்திருந்தாள். தன்னுடையது நன்றாக ஓடுகிறது, அதனால் அதே எண்ணில் இதுவும் ஓடும் என்று கணக்கு. இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண் போட்டு வைத்தால் தபால்காரன் யார் வீட்டில் கொடுப்பான்? கனெக்‌ஷன் கொடுத்தவர்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். போடுவாளா அவள்? ஒரு பகல் முழுக்க ரூட்டரோடு மல்லுக்கட்டினாள். இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே வராந்தாவைச் சுற்றிச் சுற்றி நடந்து செருப்பு தேய்ந்தது. கடைசியில் வெறுத்துப்போய் எண்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ரூட்டரே பார்த்து ஆளுக்கு ஓர் எண் கொடுக்கும்படி விட்டாள். இரண்டும் ஒன்றாக ஓடின.

"பாத்தியா," என்றாள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "கேக்காம விட்டா அதுவே குடுக்கு."

இதோடு நின்றிருந்தால் எல்லாம் சுகம். என் வீட்டுக்காரர் பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நல்ல மனுஷர், வம்பே அங்கேதான். ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிட்டால் நாளைக்குப் பிரச்சினை வராதே என்று, கடைக்குப் போகிற வழியில் மானேஜர் சாரைப் பார்த்து, "சாரே, கொடிக்கயித்து மேல ஒரு சின்ன ஒயரு கட்டிக்கிடட்டா?" என்று கேட்டுவிட்டார்.

மானேஜர் சார் கெட்டவர் இல்லை. வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, குரலை உயர்த்தவே மாட்டார். இந்த ஊர்க்காரர்களுக்கே உள்ள மரியாதை அவரிடம் ஒரு படி கூடுதல். உட்கார்வதற்கு முன்னால் "இரிக்கட்டே?" என்பார். கிளம்பும்போது "இறங்கட்டே?" என்பார். நாம் "ம்" என்று சொன்ன பிறகுதான் படியில் கால் வைப்பார். ஆனால் கட்டட முதலாளி வேறு ஊரில் இருந்துகொண்டு எங்களையெல்லாம் கிளப்ப எப்போது சாக்கு கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆணி அடித்தால் தப்பு, கம்பி கட்டினால் தப்பு. சார் அவர் சம்பளத்துக்கு உட்பட்டவர். பாடில்லை, கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஒயர் இழுத்தது தெரிந்தால் எந்த வீட்டிலிருந்து இழுத்ததோ அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அதுவரை முற்றத்தை அண்ணாந்தே பார்க்காதவர் அன்றிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். என் வீட்டுக்காரர் பின்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணே, மாவு பிசையறதுக்கு முன்னால மாவுகிட்ட கேட்டுக்கிடுவியளோ?"

"கழட்டிருவோம்க்கா," என்றேன். "ஒயரு உன் வீட்டுலேர்ந்துலா வருது. போனா உன் வீடுதானே போகும்?"

"என் வீடுதானே," என்றாள். "உன் வேலை போகாதுல்லா? அப்போ துணிய போடு."

அன்றிலிருந்து அந்தக் கொடியில் துணி இல்லாத நேரமே கிடையாது. புடவை, போர்வை, ஜன்னல் திரை எதுவாக இருந்தாலும் நீளமாகத் தொங்க வேண்டும். ஒன்றை எடுத்தால் ஒன்றைப் போட வேண்டும். சார் இரண்டு மூன்று தடவை வந்து அண்ணாந்து பார்த்தார். புடவைதான் தெரிந்தது. "ஞங்கள் சுத்தக்காரங்களாக்கும் சாரே," என்றாள் அக்கா.

புதன்கிழமை வந்தது. துலாம் மாசம், மத்தியானமானால் மழை வரும் காலம். அது எனக்கு உறைக்கவே இல்லை. ஜன்னல் ஓரத்தில் கம்ப்யூட்டரை வைத்து, ஹெட்செட்டை ஒரு காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கால் வந்த அதே நேரத்தில் மழையும் வந்தது. நாலு பக்கமும் பெண்கள் ஓடிவந்து தங்கள் கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். என் கொடியில் மட்டும் மூன்று புடவை நனைந்துகொண்டு கிடந்தது. எடுத்தால் ஒயர் தெரியும்.

"வணக்கம்மா, சொல்லுங்க, நோயாளி பேரு?" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சார் குடையைச் சுருக்கிக்கொண்டு படியேறி வந்தார். என் ஜன்னலுக்கு நேர் வெளியே கைப்பிடி ஓரமாக நின்றார். கொட்டுகிற மழையையும் புடவைகளையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த ஊரில் மழையில் துணி காயப்போடுவார்கள்? குடைக் கம்பியால் முதல் புடவையை மெல்ல ஒதுக்கினார். சாம்பல் ஒயர் தெரிந்தது.

"அப்பாவுக்கு எத்தனை நாளா நெஞ்சு வலிக்குதும்மா?" என்றேன் நான். லைனில் பேசுகிறவள் என்னைச் சோதிக்கிறவள் என்று தெரியும். இருந்தாலும் குரல் உடையக்கூடாது. ஒரு காதில் அவள், மறு காதில் மழை, கண்ணுக்கு நேரே சார்.

"ஆரோடு சோதிச்சிட்டா இது கெட்டியது?" என்றார் சார், எதிர்ப்பக்கத்தைப் பார்த்து. யாரைக் கேட்டுக் கட்டினாய் என்று. அக்கா வாசலில் நின்றிருந்தாள். சார் கீழே குனிந்து, கயிற்றுக்கடையிலிருந்து ஒரு கத்தி கொண்டுவரச் சொன்னார்.

"கத்தி இல்லையே சாரே," என்று அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"கயறு பின்னே எங்ஙனே முறிக்கும்?"

"இன்னிக்கு முறிக்கல்ல சாரே. மழையாக்கும்."

அக்கா உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் கத்திரிக்கோல். வராந்தாவைச் சுற்றி நடந்து வந்தாள். அவசரமே படவில்லை. இவளுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். "டாக்டருக்கு வெள்ளிக்கிழமை நேரம் இருக்கும்மா, லைன்ல இருங்க, பாத்துச் சொல்லுதேன்," என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அக்கா கத்திரிக்கோலைச் சாரிடம், பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"இந்தாங்க சாரே. நல்ல கூருள்ளது. உள்ள ஒருத்தி பேசிட்டிருக்கா. தெரிஞ்சுக்கோங்க, அவ்வளவுதான்."

சார் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே, "காலையில வெறும் வயித்தோட வரணும்மா, பழைய ரிப்போர்ட்டு எல்லாம் எடுத்துக்கோங்க," என்றேன். அவர் கத்திரிக்கோலைத் திறந்தார். ஒயரை இரண்டு அலகுக்கும் நடுவில் வைத்தார். பிறகு, ஆயுசு முழுக்க நாற்காலியில் உட்காரவும் படியிறங்கவும் கேட்டுப் பழகிய மனுஷர், அக்காவின் பக்கம் திரும்பி, தன்னை அறியாமலே கேட்டார்.

"எந்நால் ஞான் முறிக்கட்டே?"

வெட்டட்டுமா என்று.

"வேண்டா," என்றாள் அக்கா.

அவ்வளவுதான். சத்தம் இல்லை, கெஞ்சல் இல்லை. டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. சார் அப்படியே நின்றார். கேட்டுவிட்டார், பதிலும் கிடைத்துவிட்டது. அந்தப் பதிலை மீறி எப்படி வெட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மழை அவர் முழங்கையில் தெறித்துக்கொண்டிருந்தது. கத்திரிக்கோலை மூடிக் கைப்பிடிக் கம்பியின்மேல் வைத்தார்.

"நாளே ஞான் ஆளேக்கொண்டு வரும். அவன் முறிச்சோளும்," என்றார் கடைசியில், நாளைக்கு ஆள் வந்து வெட்டுவான் என்று. குடையை விரித்தார். "எந்நால் இறங்கட்டே?"

"ம், இறங்கிக்கோங்க," என்றாள்.

என் காதில் அந்தப் பெண் சிரித்தாள். "பின்னால மழைச் சத்தம் கேட்டுது. ஆனா லைன் அறுந்துபோகவே இல்ல. திங்கள்கிழமையிலேர்ந்து உக்காருங்க," என்றாள். உட்காருங்க என்ற வார்த்தையைக் கேட்டு நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

சாயங்காலம் மாடியிலுள்ள பெண்கள் எல்லாம் கூடினோம். நாளைக்கு ஒயரை வெட்டிவிடுவார்கள், அக்கா வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள். எல்லாருமாகச் சேர்ந்து முதலாளி வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். எல்லாருக்கும் அதுதான் சரி என்று பட்டது. அக்கா கதவுக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"எனக்காக எவளாவது கேக்கப் போனா, அவ மூஞ்சியில முழிக்கமாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லல."

யாரும் போகவில்லை. ஆனால் எனக்குத் தூக்கமும் வரவில்லை. அவள் அப்பன் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் சார் ஆளோடு வந்தார். அந்த ஆள் குறடைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏதா சாரே முறிக்கேண்டது?" என்று கேட்டான். எதை வெட்டுவது என்று. சாருக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு பக்கமும் கைப்பிடி ஓரத்தில் பெண்கள் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த முறை சார் "இறங்கட்டே?" என்றுகூடக் கேட்காமல் இறங்கிப் போனார், அக்கா வீட்டைக் காலி செய்யும் பேச்சையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. பின்னால் ஒருநாள் கட்டடத்தை விற்றார்கள், ஆளுக்கொரு திசையாகப் போனோம். அக்கா யாரிடமும் சொல்லாமல்தான் போனாள், அவள் சொல்லிக்கொண்டு போவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அதுவரை அந்த ஒயர் அந்தக் கொடியிலேயே கிடந்தது. இன்றைக்கும் நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன், உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அந்த ஆள் வருவதற்கு முந்திய விடியலுக்காக. வெளுப்பதற்கு முன்னால் எழுந்து, கயிற்றுக்கடை திறக்கும்வரை படியில் காத்திருந்தேன். ஷட்டர் ஏறியதும் உள்ளே போய் ஒரு பெரிய கயிற்றுச் சுருளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். "எங்க கொண்டு போறிய?" என்றார் அண்ணாச்சி. "மேல," என்றேன். அவர் அடுத்த சுருளை எடுத்து வாசலில் வைத்தார். முற்றத்தின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம், கை ஓய்கிறவரை கொடிகளாகக் கட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் என் வீட்டில் இருந்த துணியை, துவைத்தது துவைக்காதது எல்லாவற்றையும் விரித்தேன். சத்தம் கேட்டு வந்த பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அவரவர் வீட்டிலிருந்து புடவையும் போர்வையுமாகக் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். யாரும் என்னை எதற்கு என்று கேட்கவில்லை. வெளிச்சம் வந்தபோது முற்றத்திலிருந்து வானம் தெரியவில்லை.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தோளில் தோர்த்து, வாயில் பிரஷ். அந்தத் துணிக் காட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தாள். ஒயர் எந்தக் கொடியில் இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிரஷை எடுத்தாள். சாரின் குரலிலேயே கேட்டாள்.

"ஆரோடு சோதிச்சிட்டா இது கெட்டியது?"

"ஆரோடும் சோதிக்கல்ல," என்றேன், யாரையும் கேட்கவில்லை என்று.

அவள் சிரிக்கவில்லை. பாராட்டவும் இல்லை. உள்ளே போனாள். ஒரு வாளியோடு வந்தாள். நான் புதிதாகக் கட்டிய கொடியில், என் புடவையை ஓரமாகத் தள்ளிவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தன் ஈர நைட்டியை விரித்துப் போட்டாள்.